ஞாயிறு கணக்கில் சேராது

திண்டுக்கல்லைச் சுற்றி எந்தத் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் எரிந்தாலும் அது பெரும்பாலும் சகாயராஜ் கடைக்குத்தான் வந்து சேரும். நாகல்நகர் பக்கம் ஒரு சந்துக்குள் கடை. வாசலில் கருகிய மோட்டார்கள் வயிற்றைத் திறந்துபோட்டுக் கிடக்க, உள்ளே முக்காலியில் உட்கார்ந்து தாமிரக் கம்பி சுற்றிக்கொண்டிருப்பான். நாற்பது வயதைத் தாண்டியவன், அதிகம் பேசாதவன். 'நாளைக்குத் தாரேன்' என்று சொன்னால் நாளைக்குக் கொடுத்துவிடுவான். தொழிலில் சொன்ன சொல் தவறினான் என்று எரியோட்டிலிருந்து நெய்க்காரப்பட்டி வரைக்கும் ஒருத்தர் குறை சொன்னதில்லை. சொல் தவறுவதெல்லாம் வீட்டில்தான். அதுவும் ஒரே ஒரு விஷயத்தில். கேமரா சாமான்.

வியாதி எங்கே பிடித்தது என்பதும் அவனுக்குத் தெரியும். எரியோட்டுக்காரர் அழகர் தோட்டத்தில் ஒரு நாள் மோட்டாரை மேலே தூக்க ஆள் வரட்டும் என்று கிணற்றுத் திட்டில் காத்திருந்தான். கிணற்றுக்கு மேலே சாய்ந்த மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. ஒரு ஆண் குருவி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நாரை உள்ளே விட்டு, வெளியே இழுத்து, இறுக்கி, மறுபடி உள்ளே விட்டது. காலம் பூராவும் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றியே கை காய்த்துப்போனவனுக்கு அதைப் பார்த்ததும் என்னவோ ஆகிவிட்டது. போனில் படம் எடுத்தான். மஞ்சளாக ஒரு புள்ளி விழுந்தது. அந்த வாரமே பழைய கேமரா ஒன்று வாங்கினான்.

அதோடு நின்றிருந்தால் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படம் எடுக்கிற ஆசையும் சாமான் வாங்குகிற ஆசையும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகத்தோடு வருகின்றன, யார் எவன் என்று வாங்கின பிறகுதான் தெரிகிறது. ஒரு ஃபிளாஷ் வாங்கினான். குருவி மேல் வெளிச்சம் அடித்தால் குருவி பறந்துவிடும் என்பது வாங்கி வந்த பிறகு ஞாபகம் வந்தது. வரப்பில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாத கனத்தில் ஒரு முக்காலி ஸ்டாண்டு வாங்கினான். மழையில் நனையாதிருக்க கேமராவுக்கு உறை வாங்கினான். திண்டுக்கல்லில் மழை எப்போது பெய்கிறது என்று கேட்கக்கூடாது. ஒவ்வொன்றையும் வாங்கின அன்று நெஞ்சு நிறைந்து கிடக்கும், ரெண்டு நாளில் காலியாகிவிடும். காலியானதும் கை தானாகப் போனை எடுத்து அடுத்ததைத் தேடும்.

அவன் மனைவி ரோசலின் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வாங்கியதற்காக அவள் ஒரு நாளும் கத்தியதில்லை. சம்பாதிக்கிற மனுசன், குடிக்கிறதில்லை, சீட்டாடுகிறதில்லை, போகட்டும் என்றுதான் இருந்தாள். கோளாறு வந்தது பொய்யால். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவன் ஒரு லென்ஸ் வாங்கி, அது சாகுல் ஹமீதுடையது, பார்க்கக் கொடுத்திருக்கிறான் என்று வீட்டில் சொன்னான். சாகுல் ஹமீது பேகம்பூரில் ஃபிளக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிற சிநேகிதன், அவனும் கேமரா பைத்தியம். பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தவனிடம் ரோசலின் கேக்கைக் கொடுத்துவிட்டு, "அம்புட்டு விலையான லென்ஸ இவரு கையில இத்தன நாளு விட்டு வச்சிருக்கீங்களே அண்ணே, பெரிய மனசு ஒங்களுக்கு" என்றாள். சாகுல் ஹமீது வாயில் கேக்கோடு, "எந்த லென்ஸும்மா?" என்று கேட்டான். அப்புறம் அந்தக் கேக்கை அவன் விழுங்கி முடிக்கிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

அன்றைக்கும் அவள் சண்டை போடவில்லை. தவக்காலம் என்கிற நோன்பு தொடங்குகிற சாம்பல் புதன் அன்று கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தவக்காலத்துக்கு யார் எதை விடுவது என்று அந்த வீட்டில் அன்றைக்குத்தான் சொல்வார்கள். ஒறுத்தல் என்று கோயிலில் அதற்குப் பெயர். ஒன்பதாவது படிக்கிற மகள் ஜீவிதா சாக்லேட்டை விட்டாள். ரோசலின் சீரியலை விட்டாள். சகாயராஜ், "ஈஸ்டர் வரைக்கும் கேமரா சாமான் ஒண்ணுகூட வாங்க மாட்டேன்" என்றான்.

"நான் கேட்டனா?" என்றாள் ரோசலின்.

"இல்ல. நானாத்தான் சொல்றேன்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னாள். "சரிங்க. சாமிக்கு முன்னாடி சொல்லிட்டீங்க. இதுலயும் பொய் வந்துச்சுன்னா நான் சண்ட போட மாட்டேன். எங்க போனீங்க, என்ன வாங்குனீங்கன்னு அதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன். கடைசி வரைக்கும்."

வேறு ஒருத்தனுக்கு இது நல்ல செய்தியாகக்கூடப் பட்டிருக்கும். சகாயராஜுக்கு முதுகு சில்லிட்டது. அவன் அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். அப்பா எப்போதோ ஒரு பெரிய பொய் சொன்னார். அம்மா லூர்தம்மாள் அன்றோடு அவரிடம் எதையும் கேட்பதை நிறுத்தினாள். சாப்பாடு நேரத்துக்கு வரும், சட்டை துவைத்து மடித்திருக்கும், கேள்வி மட்டும் வராது. அப்பா ராத்திரி தாமதமாக வந்தால் அதை யாரும் கேட்கமாட்டார்கள், காய்ச்சலோடு வந்தாலும் கேட்கமாட்டார்கள். கேள்வி இல்லாத அந்த வீட்டில் வளர்ந்தவன் அவன். தன் வீடு அப்படி ஆகிவிடக்கூடாது என்பதைவிடப் பெரிய பயம் அவனுக்கு உலகத்தில் இல்லை. அப்படியும் புத்தி கேட்டதா என்றால், அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பாதித் தவக்காலத்தை நல்லபடியாகவே ஓட்டினான். அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கேமராக்காரர்கள் வாட்ஸாப் குழுவில் மதுரைப் பையன் ஒருத்தன் ஒரு படம் போட்டான். பேர் அஜித். கல்யாணத்துக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன், சென்னையில் வேலை கிடைத்துவிட்டது, சாமானை எல்லாம் தள்ளிவிட்டுப் போகிறான். படத்தில் ஒரு நீளமான லென்ஸ். சகாயராஜ் இரண்டு வருடமாகக் கடைகளில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது. விலை பாதிக்கும் கீழே.

கம்பி சுற்றுவதை நிறுத்திவிட்டான். இருக்கிற லென்ஸிலேயே குருவியின் மஞ்சள் தலை நன்றாகத் தெரியும். அலகில் பிடித்திருக்கிற நாரின் பிசிறுதான் தெரியாது. கூடு தொங்குவது கிணற்றுக்கு நடுவில், கிட்டே போகவும் முடியாது. அந்தப் பிசிறுக்கு இந்த லென்ஸ் வேண்டும் என்று மனசு நியாயம் பேசியது. குருவி கூடு கட்ட இன்னும் எத்தனை மாதம் கிடக்கிறது என்று அதே மனசு சொல்லவில்லை. போதாததற்கு, ரெண்டு மோட்டாருக்கான கூலியை அழகர் அப்போதுதான் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சட்டைப்பை கனமாக இருந்தது.

போன் போட்டான். "நாளைக்குக் காலைல சென்னை ரயில்ல போறேன்ணே" என்றான் அஜித். "அங்க ஒருத்தர் கேட்டுருக்காரு. அதுக்கு முந்தி யாரு காசோட வந்தாலும் குடுத்துருவேன்."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

அந்த இடத்தில்தான் சகாயராஜின் மூளை வேலை செய்தது. சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கேட்டது ஒன்று மேலே மிதந்து வந்தது. தவக்காலம் நாற்பது நாள். ஆனால் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எண்ணினால் நாற்பதுக்கு மேலே போகும். ஏனென்றால் ஞாயிறுகள் அந்தக் கணக்கில் சேராது, அவை ஆண்டவர் உயிர்த்த நாள், நோன்பு கிடையாது. அவர்கள் வீட்டிலேயே தவக்காலத்தில் வாரம் பூராவும் கவிச்சி கிடையாது, ஞாயிறு மட்டும் மீன் உண்டு. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வாங்குகிற லென்ஸும் ஒறுத்தலை மீறியதாகாது. இந்தக் கணக்கு அவனுக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்றால், சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததும் அதைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டான்.

"ரயிலு எங்கெங்கப்பா நிக்கும்?" என்று கேட்டான்.

"கொடைரோடு, திண்டுக்கல்லு..."

"கொடைரோட்டுக்கு வாரேன்."

விடிந்ததும் ரோசலினிடம், குளத்துப் பக்கம் போய் நாலு படம் எடுத்துவிட்டு ரெண்டாம் பூசைக்கு வந்துவிடுகிறேன் என்றான். அவளும் ஜீவிதாவும் முதல் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "வெயிலுக்கு முந்தி வந்துருங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் வண்டியை எடுத்தான். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் எப்போதும் கிடக்கிற ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் முந்தின சாயங்காலமே கடையில் இறக்கி வைத்துவிட்டான். அந்த இடத்தில் மெத்தென்று ஒரு பழைய துண்டை விரித்திருந்தான்.

நாலுவழிச் சாலையில் சின்னாளபட்டி தாண்டினதும் எதிர்க்காற்று. இடது கைப் பக்கம் சிறுமலை கூடவே வந்தது. அவன் எதையும் பார்க்கவில்லை. ரயில் போய்விடுமோ என்று ஒரு பயம், போகாமல் நின்றுவிடுமோ என்று இன்னொரு பயம். ஒரு இடத்தில் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தான். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அதையே சாக்காக வைத்து முன்னால் போனான்.

கொடைரோட்டில் கூட்டமில்லை. மலைக்குப் போகிற சில பேர் பெட்டியோடு வேனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். கழுத்தில் கேமரா, சட்டைப்பையில் காசு. பையை நிமிடத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தெரிந்த முகம் எதுவும் இல்லை. அதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி எதற்கு என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

ரயில் வந்தது. அஜித் சொன்ன பெட்டி அவன் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. ஓடினான். வாசலில் ஒல்லியாக, மீசை சரியாக முளைக்காத ஒரு பையன் கறுப்புப் பையோடு நின்றான்.

"சகாயராஜ் அண்ணனா? ரெண்டு நிமிசம்தான் நிக்கும்ணே. சட்டுனு பாத்துக்கங்க."

பையிலிருந்து லென்ஸ் வெளியே வந்தது. கையில் வாங்கினதும் அந்தக் கனம் தோள்வரை ஏறியது. தன் கேமராவில் இருந்த லென்ஸைக் கழற்றிப் பக்கத்துச் சிமெண்டுப் பெஞ்சில் வைத்தான். புதியதை மாட்டித் திருகினான். கிளிக் என்று உட்கார்ந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கம்பியில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. கண்ணை வைத்து, வளையத்தைத் திருப்பினான்.

குருவியின் கண் தெரிந்தது. கறுப்புக்குள் கறுப்பாக இருக்கிற அந்தக் கண்ணைச் சுற்றின இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வால் பிளந்திருக்கிற இடத்தில் ஒரு பூச்சியின் இறக்கை ஒட்டிக்கொண்டிருந்ததுகூடத் தெரிந்தது. சகாயராஜுக்கு அழுதுவிடலாம் போல சந்தோஷமாக இருந்தது. மனசுக்குள் அந்த நொடியே வாங்கி முடித்துவிட்டான். இடது கை சட்டைப்பைக்குப் போனது.

அஜித் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டான். "ஏண்ணே, நீங்க திண்டுக்கல்லுதான? அடுத்து அங்கதான நிக்கும். வீட்டுக்குப் பக்கத்துலயே வாங்கியிருக்கலாமே. எதுக்குண்ணே இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

சகாயராஜ் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினான்.

திண்டுக்கல் ஸ்டேஷன் அவன் கடையிலிருந்து நடந்துபோகிற தூரம். அங்கே டீ விற்கிறவரிலிருந்து டிக்கெட் கொடுக்கிறவர் வரை எல்லாருக்கும் அவனைத் தெரியும். முதல் பூசை முடிந்து அந்த வழியாகத்தான் பாதிப் பங்கு மக்கள் வீட்டுக்குப் போவார்கள். பார்த்தால் என்ன? ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேராது என்றால் ஊரே பார்க்கட்டுமே. ரோசலினையே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. எதற்கு ஸ்பேனரை எல்லாம் இறக்கிவைத்துவிட்டு வந்தான்? எதற்குத் துண்டை விரித்தான்? இதைவிட மோசமாக ஒன்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வழியெல்லாம் அவன் மனசு ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டே வந்திருக்கிறது. 'சாகுல் ஹமீதோட மச்சினன் லென்ஸு, ரிப்பேருக்குக் குடுத்தாங்க.' பொய் சுற்றி முடித்த காயில் மாதிரி ஒரு பிசிறு இல்லாமல் தயாராக இருந்தது.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். உடம்பெல்லாம் வேர்த்தது.

ரயில் ஊதியது.

"அண்ணே, காசு" என்றான் அஜித்.

"வேணாம்ப்பா."

"என்னது?"

"வேணாம். இந்தா, கழட்டித் தாரேன்."

கழற்ற ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே திருக வேண்டும். வேர்த்த விரல் வழுக்கியது. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நகரத் தொடங்கியது. அஜித் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "அண்ணே, காசக் குடுங்க. இல்லாட்டி லென்ஸக் குடுங்கண்ணே."

சகாயராஜ் ரயிலோடு நடந்தான். நடை ஓட்டமானது. பொத்தான் அமுங்கியது, திருகு பாதியில் நின்றது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நின்றுவிட்டால் போதும். ரயில் போய்விடும். லென்ஸ் கையிலேயே இருந்துவிடும். காசைப் போனில் அனுப்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும். அவன் வாங்கினதாகாது, ரயில் போய்விட்டது, அவன் என்ன செய்வான்? ரோசலினிடம் பொய்யே சொல்ல வேண்டாம், நடந்ததையே சொல்லலாம்.

கால் மெதுவாயிற்று. நிஜமாகவே மெதுவாயிற்று. அஜித்தின் கை ஒரு முழம் தள்ளிப் போனது, ரெண்டு முழம் தள்ளிப் போனது. அந்தப் பையனின் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது. தெரியாத ஊரில் தெரியாத ஆளிடம் பொருளைப் பறிகொடுக்கிறவன் முகம்.

அதைப் பார்த்த பிறகு சகாயராஜ் ஓடினான். இருபது வருடமாக முக்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு, முட்டியில் ஏதோ பிடித்தது, நிற்கவில்லை. ஓடிக்கொண்டே திருகினான். லென்ஸ் கையோடு வந்தது. இரண்டு கையாலும் அதைக் கொண்டுபோய் அந்தப் பையன் நெஞ்சில் வைத்து அழுத்தினான். அஜித் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தான். பிளாட்பாரம் முடிகிற சரிவில் வந்து நின்றபோது கடைசிப் பெட்டி அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சிவப்புச் சட்டை போட்ட போர்ட்டர் ஒருத்தர், "உசுரு வேணுமா வேணாமாய்யா ஒனக்கு?" என்று திட்டினார். திட்டட்டும் என்று நின்றான்.

பெஞ்சில் அவன் பழைய லென்ஸ் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஊதித் துடைத்து மாட்டிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அஜித்திடமிருந்து குரல் பதிவு வந்தது. அதில் இருந்ததை எழுத வேண்டாம். அவ்வளவுக்கும் தான் தகுதிதான் என்று நினைத்து சகாயராஜ் அதை ரெண்டு தடவை போட்டுக் கேட்டான்.

திரும்பி வருகிற வழியில் நெஞ்சு லேசாகும், நல்ல காரியம் செய்தவனுக்கு வருகிற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. வயிறுதான் எரிந்தது. ரயில் இந்நேரம் திண்டுக்கல்லைத் தாண்டியிருக்கும், லென்ஸ் போய்க்கொண்டிருக்கிறது, இன்னொருத்தன் அதை மாட்டப்போகிறான். சின்னாளபட்டியில் டீக்கடையில் நின்றான். பாதி டீயைக் கொட்டிவிட்டுக் கிளம்பினான்.

வீட்டில் ரோசலின் அடுப்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜீவிதா கோயிலிலேயே பாட்டுப் பயிற்சிக்கு நின்றுவிட்டாளாம். அவன் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டு, தலையைத் தூக்காமலே கேட்டாள். "குருவி கெடச்சுச்சா?"

'ம்' என்றால் போதும். பையில் ஒன்றும் இல்லை. காசு அப்படியே இருக்கிறது. வாக்கு மீறவில்லை. வாங்காத லென்ஸுக்கு எதற்குப் பஞ்சாயத்து? குளத்தில் குருவி இல்லை என்று சொல்லிவிட்டு ரெண்டாம் பூசைக்குக் கிளம்பினால் இந்தக் காலை நடந்ததே இல்லை என்று ஆகிவிடும். சகாயராஜ் அடுப்படி வாசலில் நின்றான். இவள் கேட்கிறாள், இன்னும் கேட்கிறாள் என்பது மட்டும் அவன் காதில் நின்றது.

"நான் கொளத்துக்குப் போகல" என்றான்.

கத்தி நின்றது. "பின்ன எங்க போனீங்க?"

"கொடைரோடு."

சொன்னான். அஜித், ரயில், ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு, எல்லாம். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்ற இடம் வந்ததும் கேமராப் பையைத் திறந்து அவள் முன்னால் நீட்டினான்.

"பையக் காட்டாதீங்க" என்றாள். "பையில இல்லைன்னா சாகுல் அண்ணன் வீட்ல இருக்கும்."

அவன் பையை மூடினான். சட்டைப்பையிலிருந்த காசை எடுத்து அரிசி டப்பா மேல் வைத்தான். அதையும் அவள் பார்க்கவில்லை. மீனைத் திருப்பிப்போட்டு, செதிலைச் சுரண்டாமல், கத்தியை வைத்துக்கொண்டே இருந்தாள். காட்டுவதற்கு இனி அவனிடம் எதுவும் இல்லை. இத்தனை வருடம் சொன்ன பொய்யெல்லாம் சேர்ந்து, இன்றைக்குச் சொல்கிற உண்மையைக் கிட்டே விடாமல் நின்றன. அப்பா வீட்டுக் கூடம் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் ரோசலின். "குடுத்துட்டு வந்தது நிம்மதியா இருக்கா?"

இருக்கிறது என்பதுதான் அழகான பதில். கோயில் பிரசங்கத்தில் வருகிற பதில். சகாயராஜ் அதைச் சொல்லவில்லை.

"இல்ல. வயிறு எரியுது. இப்பவும் வேணும்னுதான் இருக்கு. ரயிலு கெளம்புனப்ப ஓடுனேன்ல. நடுவுல காலு மெதுவாச்சு ரோசலினு. நானாத்தான் மெதுவா வச்சேன். ரயிலு போயிரட்டும்னு நெனச்சேன். அந்தப் பய மொகத்தப் பாத்துட்டுத்தான் மறுபடி ஓடுனேன். பாக்காம இருந்திருந்தா லென்ஸு இப்ப இங்கதான் இருக்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்கிற ஆள் தன்னை நல்லவனாக்கிக்கொண்டுதான் சொல்வான், அவன் சொன்ன பழைய பொய்கள் எல்லாவற்றிலும் அவன் நல்லவனாகவே இருந்தான். இதில் அப்படி இல்லை.

"ஞாயித்துக்கெழமை சேராதுன்னு யாரு சொன்னா? சாமியார்ட்ட கேட்டீங்களா?"

"கேக்கல. கேட்டா சேரும்னு சொல்லிருவாரே."

அவள் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. மறுபடி மீனை எடுத்தாள். "நம்புறேன்னு சொல்ல மாட்டேங்க. அது ஒரு நாள்ல வராது. ஆனா இன்னொரு தடவ தோணுச்சுன்னா, வண்டிய எடுக்குறதுக்கு முந்தி என்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா நீ என்ன செய்வ?"

"கேப்பேன்" என்றாள்.

ரெண்டாம் பூசைக்கு மணி அடித்தது. அவன் சட்டை மாற்றிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை மத்தியானம் கடையில் தனியாக இருந்தபோது போன் ஒளிர்ந்தது. அஜித். சென்னைக்காரர் ரொம்பக் குறைத்துக் கேட்கிறாராம். கோபத்தை மன்னிக்கணுமாம். 'நேத்து சொன்னதுக்கும் கொறச்சே தாரேன்ணே. ம்னு சொல்லுங்க, இன்னைக்கே கொரியர்ல போட்டுர்றேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க.' கீழே மறுபடி அந்தப் படம்.

இன்றைக்கு ஞாயிறு இல்லை, சாக்கும் இல்லை. இருந்தும் ஆசை அதே முகத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது. ஓட ரயில் இல்லை, பார்த்து வெட்கப்பட முகம் இல்லை, விரலால் ஒரு எழுத்துத் தட்டினால் முடிந்தது. சகாயராஜ் கம்பியைக் கீழே வைத்தான். விரல் 'ம்' என்று தட்டிவிட்டிருந்தது. அனுப்பவில்லை. அதை அப்படியே விட்டு, ரோசலின் நம்பரை அழுத்தினான்.

"சொல்லுங்க" என்றாள். பின்னால் கடைச் சத்தம், யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.

அவனுக்குக் கூச்சமாக இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் பெண்டாட்டிக்குப் போன் போட்டுச் சொல்கிற விஷயமா இது என்று இருந்தது.

"தோணுது" என்றான்.

"எம்புட்டுத் தோணுது?"

"கம்பி சுத்த முடியல. கை நிக்க மாட்டேங்குது. ம்னு அடிச்சு வச்சிருக்கேன், அனுப்பல."

"சரி. போன வைக்காதீங்க. கடைல ஆளு நிக்கிறாங்க, குடுத்துட்டு வாரேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டு மோட்டார் மேல் சாய்த்து வைத்தான். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று யாருக்கோ அவள் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அவன் கம்பியை எடுத்தான். முதல் சுற்று கோணியது, பிரித்துவிட்டு மறுபடி சுற்றினான். செத்த நேரம் கழித்து அவள் குரல் பக்கத்தில் வந்தது.

"ம். இப்ப சொல்லுங்க. அந்த லென்ஸுல அப்பிடி என்னதான் தெரிஞ்சுச்சு?"

இத்தனை வருடத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை, அவனும் சொன்னதில்லை. கரிச்சான் குருவியின் கண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அவள் நடுநடுவே கேட்டுக்கொண்டே இருந்தாள்.